அரை மணி நேர அதிகாரம்

அத்தியாயம் 9

"பிளாஸ்டிக்கைக் கண்ட இடத்துல தூக்கிப் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தலைவி. நம்மள மட்டும் எங்க வேணாலும் போடலாம் போல" என்றான் நெவ்.

க்ளெண்டா சிரிக்கவில்லை. நெவ் க்ராப்ட்ரீயின் ஜோக் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அவள் உதட்டோரம் கொஞ்சமாவது அசையும். இன்றைக்கு அதுவும் அசையவில்லை.

கில்ஷா காவல் நிலையத்தில் நீலப் பட்டைத் தொப்பிகள் இரண்டே இரண்டு. ஒன்று க்ளெண்டா ஹெப்வொர்த்தின் நரைத்த தலையில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று, பஸ் ஓட்டிக்கொண்டிருந்து இந்த வேலைக்கு வந்த நெவ்வின் தலையில் உட்கார மறுத்து நழுவிக்கொண்டே இருந்தது. சமூக உதவிக் காவலர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அசல் போலீஸுக்குத் தொப்பியில் கறுப்பு வெள்ளைக் கட்டம், கையில் விலங்கு, ஏறிப் போகக் கார். இவர்களுக்குக் கடவுள் கொடுத்த இரண்டு கால்கள்தான். ஊர்ப் பிள்ளைகள் 'பிளாஸ்டிக் போலீஸ்' என்று கத்திவிட்டு ஓடுவார்கள். பிள்ளைகள் பரவாயில்லை, ஓடிவிடுகிறார்கள். நிலையத்துக்குள்ளேயே ஓடாமல் நின்று சொல்கிறவர்கள் இருந்தார்கள்.

போன வசந்தத்தில்தான் கொஞ்சம் விடிந்தது. சந்தேகப்படும் ஆளை, ஒரு கான்ஸ்டபிள் வந்து சேரும்வரை அரை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம் என்று கில்ஷாவின் உதவிக் காவலர்களுக்கு மட்டும் சோதனை முறையில் புது அதிகாரம் வந்தது. அதற்கு முன்னால் திருடனைப் பார்த்தால் 'கொஞ்சம் நில்லுங்களேன்' என்று கெஞ்சத்தான் முடியும். இன்று மாலை நான்கு மணிக்கு நகர மன்றத்தில் கூட்டம். அந்த அதிகாரம் நிலைக்குமா, பிடுங்கப்படுமா என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

நேற்று மதியம்வரை நிலைக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. புனித ஆஸ்வால்டு தேவாலயத்தின் மதில் ஓரம் ஒரு வெள்ளை வேன் நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன், கூரை பழுது பார்க்க வந்ததாகச் சொன்னான். கில்ஷாவில் வாரநாளில் கூப்பிட்டாலே கூரைக்காரன் வரமாட்டான், இவன் ஞாயிற்றுக்கிழமை கொட்டும் மழையில் வந்திருக்கிறான்! க்ளெண்டா அவனை நிறுத்தி வைத்துவிட்டு வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள். "கிளம்பிட்டேன்" என்று கான்ஸ்டபிள் ஃபின்லேயின் குரல் பதில் சொன்னது. அவள் நனைந்துகொண்டே நின்றாள். அரை மணி நேரம் தீர்ந்தது. ஒருவரும் வரவில்லை. சட்டப்படி அவள் வழிவிட்டே ஆக வேண்டும். மஞ்சள் சட்டைக்காரன் ஒரு சலாம் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் தேவாலயத்துக்குள் மழை பெய்தது. கூரையின் ஈயத் தகட்டில் பாதியைக் காணோம்.

அது திருட்டு. அதைவிடப் பெரிய இடி இன்று காலையில் விழுந்தது. 'ரயில்வே கேட் மூடியிருந்ததால் கொஞ்சம் தாமதம். ஆனாலும் அரை மணி முடிவதற்குள் போய்ச் சேர்ந்தேன். அங்கே யாருமே இல்லை' என்று ஃபின்லே எழுதிக் கொடுத்துவிட்டான்.

அதாவது, க்ளெண்டா திருடனைச் சீக்கிரமே அனுப்பிவிட்டுப் பொய் சொல்கிறாள். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. நான்கு மணிக்குள் ஃபின்லே எழுதியதைப் பொய்யென்று காட்டாவிட்டால் அதிகாரம் போகும், கூடவே அவள் தொப்பியும் போகும்.

"காருக்குள்ள எங்க போனோம்னு காட்டற கருவி ஒண்ணு இருக்குமே?" என்றாள் க்ளெண்டா. குரல் தகர டப்பா மாதிரி இருந்தது. நேற்று காலை ரயில் நிலைய வாசலில் கூட்டத்தைச் சமாளிக்கக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது.

"ஈஸ்டர்ல இருந்து ரிப்பேர். நம்ம ஸ்டேஷன் ஹீட்டருக்குத் துணையாப் படுத்திருக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு சார்ஜென்ட் டெஸ்மண்ட் லாதம் உள்ளே வந்தார். பெரிய உருவம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு என்று ஊரில் பெயர். க்ளெண்டாவை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவரே அவர்தான். புது அதிகாரத்துக்கான வில்லையை அவள் சட்டையில் தன் கையாலேயே குத்திவிட்டவர்.

"மனசை விட்டுடாதே கண்ணு. நாலு மணிக்கு உன் பக்கத்துலதான் நான் உக்காரப் போறேன்" என்று அவள் தோளைத் தட்டினார். அப்படியே திரும்பி, "நெவ்! தொண்டை காயுதுப்பா" என்றார்.

நெவ் கெட்டிலைத் தட்டிவிட்டான். "சார்ஜென்ட், கெட்டிலோட சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"அது தெரியக் கூடாதுன்னுதானே நான் சார்ஜென்ட் ஆனேன்."

"உங்களுக்கு ஒரு சொட்டுப் பால், ரெண்டு சர்க்கரை. தலைவிக்குப் பால் தூக்கலா, சர்க்கரை கிடையாது. ஃபின்லே சர்க்கரை டப்பாவைப் பாத்தாலே தள்ளி நிப்பான், பல்லு மேல அவ்வளவு பாசம். இந்த ஊர்ல யார் திருடன்னு எனக்குத் தெரியாது. ஆனா யாருக்கு எத்தனை கரண்டின்னு கேளுங்க, கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

லாதம் சிரித்துக்கொண்டே தன் கோப்பையோடு போனார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது க்ளெண்டாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"திங்கட்கிழமை மத்தியானம். ஃபின்லே எங்க இருப்பான்?"

"மார்க்கெட் பேக்கரியில. உருளைக்கிழங்கு அடைச்சுச் சுட்ட 'பை' பலகாரத்தோட உயிருக்குப் போராடிட்டு இருப்பான்."

"வா. அவன் சொன்ன அந்தக் கேட்டைப் போய்த் தட்டிப் பாப்போம்."

*

ஃபின்லேக்கு இருபத்தாறு வயது. சிவந்த காது, எளிதில் வியர்க்கும் நெற்றி. இரண்டு நீலப் பட்டைகள் பேக்கரிக்குள் நுழைவதைப் பார்த்ததும் அவன் காது இன்னும் சிவந்தது. நெவ் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பலகாரத்தின் வாசனையை உறிஞ்சினான். க்ளெண்டா நின்றபடியே பேசினாள்.

"உன்னோட சண்டை போட வரல. எழுதிக் குடுத்ததுல ஒரு சின்னச் சந்தேகம். நேத்து கேட் மூடியிருந்துதா?"

"ஆமா."

"எதுக்கு மூடினாங்க?"

"எதுக்கு மூடுவாங்க? ரயிலுக்குத்தான்."

"சரக்கு ரயிலா?"

"இல்ல. ரெண்டு பெட்டி வண்டி. மான்செஸ்டர் போறது."

"கூட்டமா?"

ஃபின்லே ஒரு கணம் யோசித்தான். கேள்வி சுலபமாக இருந்ததால் தைரியம் வந்துவிட்டது. "நல்ல கூட்டம். நின்னுட்டுப் போனாங்க."

"சக்கரம் எத்தனை இருந்துச்சு?" என்றான் நெவ்.

"என்ன?"

"இல்ல, நேத்து மான்செஸ்டர் ரயில் பஸ்ஸா ஓடிச்சு. அதான் கேட்டேன்."

ஃபின்லேயின் கையிலிருந்து முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"தண்டவாளத்துல வேலை நடக்குது" என்றாள் க்ளெண்டா. "நேத்து முழுக்க ஒரு ரயிலும் இல்ல. கேட் பகல் பூரா வானத்தைப் பாத்துத் தூக்கியே நின்னுச்சு. ஸ்டேஷன் வாசல்ல நின்னு ஜனங்களை எல்லாம் பஸ்ல ஏத்திவிட்டது நான்தான். என் தொண்டையைக் கேட்டாலே தெரியலையா? நீ கார்ல போறவன், உனக்கு எங்க தெரியும்? நடந்து போறவளுக்குத் தெரியும்."

பேக்கரிக்காரம்மா துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். கில்ஷாவில் காது கொடுப்பதற்கு அதுதான் நாகரிகமான வழி.

"வேன்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று நெவ் முன்னால் சாய்ந்தான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"சத்தியமா இல்ல! அவன் யாருன்னே எனக்குத் தெரியாது." ஃபின்லேயின் நெற்றி வியர்த்தது. "நான்... நான் கிளம்பவே இல்ல, க்ளெண்டா. சாவியைக் கையில எடுத்துட்டேன். உக்காருன்னு சொன்னாங்க. உக்காந்துட்டேன்."

"யாரு சொன்னது?"

"அதை மட்டும் கேக்காதீங்க. நான் போலீஸ்காரன். எங்க ஆளை நானே காட்டிக் குடுக்க மாட்டேன்."

"நான் உங்க ஆள் இல்லையா?"

ஃபின்லேயின் கண் ஒரு நொடி மேலே போய், அவள் தொப்பியின் நீலப் பட்டையில் நின்று, திரும்பத் தட்டுக்கு இறங்கியது. வாயால் சொல்லியிருந்தால்கூட க்ளெண்டாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்று கூடவே நடந்து காட்டிக் கொடுத்தது அவள்தான்.

"சரி. அந்த அரை மணி நேரம் என்னதான் பண்ணினே?"

"டீ குடிச்சேன்."

"நான் அங்க மழையைக் குடிச்சிட்டிருந்தேன்."

"டீயாவது நல்லா இருந்துதா?" என்றான் நெவ் கசப்பாக.

"எங்க? ஒரே சர்க்கரைப் பாகு. பல்லெல்லாம் கூசிச்சு. இருந்தாலும் முழுசையும் குடிச்சேன். அவரே கொண்டுவந்து வெச்சா எப்படி வேணாம்னு..."

ஃபின்லே வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகத்தான் மூடினான்.

க்ளெண்டா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு நகர மன்றத்துல கூட்டம்" என்று ஃபின்லேயிடம் மெதுவாகச் சொன்னாள். "நான் உன்னைக் கூப்பிடுவேன். இந்தத் தடவையாவது வா."

வெளியே தூறல். காய்கறிக் கடைக்கூரையின் கீழ் ஒதுங்கினார்கள்.

"யோசிச்சுப் பாரு நெவ். நம்ம ஸ்டேஷன்ல டீ போடறவங்க யாரா இருந்தாலும் ஃபின்லேக்குச் சர்க்கரை போட மாட்டாங்க. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கூட்டிப் பெருக்க வர்ற அம்மாவுக்குக்கூடத் தெரியும். தெரியாதவங்க யாரு?"

"டீயே போட்டுப் பழக்கமில்லாதவங்க. இன்ஸ்பெக்டர்... அவர் ஸ்பெயின் கடற்கரையில வெந்துட்டிருக்கார். அப்புறம்..." நெவ்வின் சிரிப்பு பாதியில் நின்றது. "வேண்டாம் தலைவி. அவரா இருக்காது."

"நான் தப்பா இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கறேன்" என்றாள் க்ளெண்டா. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வாய்விட்டுத் திட்டவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நடந்தாள்.

*

நகர மன்றத்தின் மாடியில் நீள மேஜை போட்டிருந்தார்கள். தலைமையகத்திலிருந்து வந்திருந்த ஆக்டன் அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர்கள் பிஸ்கட் தட்டைச் சுற்றி நின்றார்கள். மூலையில் பெரிய டீப் பாத்திரம். அங்கே ஆளுக்கு ஆள் தானே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சார்ஜென்ட் லாதம் ஒரு கோப்பையைக் குழாயடியில் பிடித்தபடி க்ளெண்டாவைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

"வா கண்ணு. சூடா ஒரு வாய் குடி, தெம்பு வரும். உனக்குச் சர்க்கரை எத்தனை?"

க்ளெண்டா அப்படியே நின்றாள்.

பத்தொன்பது வருடம். இந்த மனிதரின் மனைவி செத்தபோது சமைத்துக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இவருடைய கோப்பையை எத்தனை தடவை கழுவியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. எத்தனை சர்க்கரை என்று கேட்கிறார்.

"ஃபின்லேகிட்டயும் இதைக் கேட்டிருக்கலாமே, டெஸ்."

அவர் குழாயை மூட மறந்தார். கொஞ்சம் டீ சிந்தியது. மறுத்துச் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டாள் என்றே சொல்ல வேண்டும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அம்மா ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. இந்தச் சோதனை ஜெயிச்சா, நீலப் பட்டை போதும்னு என் கான்ஸ்டபிள் பசங்க ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. ஃபின்லேயும் அதுல ஒருத்தன். நான் என்ன பண்ணட்டும்? உன் அரை மணி நேர அதிகாரத்தால ஒண்ணும் ஆகலைன்னு காட்டினாப் போதும்னு நெனச்சேன். அந்த வேன்ல ஈயம் இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"என்னைப் பொய்க்காரின்னு எழுத வெச்சீங்களே, அது தெரியுமில்ல?"

"உனக்கு எதிரா இல்ல கண்ணு. அந்த அதிகாரத்துக்கு எதிரா."

"மழையில நின்னது அதிகாரம் இல்ல, டெஸ். நான்."

அவர் மீசையைத் தடவினார். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்துக்குப் பின்னால் ஒரு கெட்டித்தனமும் இருந்தது. "என்னன்னு சொல்லப் போறே? டீயில சர்க்கரை இருந்துச்சுன்னா? சிரிப்பாங்க. பேசாம இரு. உனக்கு நூலகத்துல ஒரு நல்ல வேலை பாத்துத் தர்றேன்."

"எல்லாரும் உக்காரலாமா?" என்றார் ஆக்டன் அம்மையார்.

லாதம் சொன்ன சொல் தவறாமல் க்ளெண்டாவின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

ஆக்டன் அம்மையார் நேற்று நடந்ததைப் படித்தார். "மிஸஸ் ஹெப்வொர்த், நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

க்ளெண்டா எழுந்தாள். "ஒரு கேள்வி மேடம். அந்த அதிகாரம் இந்த நிமிஷம் என்கிட்ட இருக்கா, இல்லையா?"

"நாங்க முடிவெடுக்கற வரைக்கும் இருக்கு."

"நன்றி." அவள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலி பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க பேர், விலாசம் சொல்லுங்க."

லாதம் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"ஒரு புகாருக்குப் போக வேண்டிய கான்ஸ்டபிளைப் போகவிடாம நிறுத்தி, அவன் போனதாப் பொய் எழுத வெச்சீங்கன்னு உங்க மேல சந்தேகம் இருக்கு. ஒரு கான்ஸ்டபிள் வர்ற வரைக்கும், அரை மணி நேரம், நீங்க என்னோட இங்கயே இருக்கணும். நெவ், கூப்பிடு."

நெவ் வாக்கி டாக்கியை எடுத்தான். "ஃபின்லே, நகர மன்றம். உதவிக் காவலர் ஹெப்வொர்த் ஒருத்தரை நிறுத்தி வெச்சிருக்காங்க. வர்றியா?"

கரகர சத்தம். பதில் இல்லை.

ஆக்டன் அம்மையார் எழப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கவுன்சிலர் ஒருவர் பிஸ்கட்டைச் சத்தம் வராமல் மெல்ல முயன்றுகொண்டிருந்தார். ஜன்னலில் மழை வலுத்தது. நேற்று நின்ற மாதிரியே க்ளெண்டா நின்றாள். பக்கத்தில் இருந்த ஆள்தான் வேறு.

"அவன் வரமாட்டான் கண்ணு" என்றார் லாதம், கிட்டத்தட்டப் பரிவாக. "அவன் என் பையன்."

வரமாட்டான் என்று க்ளெண்டாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பாதி வட்டத்தைக் கிட்டத்தட்டத் தின்று முடித்திருந்தது. நெவ் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் கலவரமாக இருந்தது.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஃபின்லே உள்ளே வந்தான். தலை முதல் கால் வரை தண்ணீர் சொட்டியது. லாதமின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

"இன்னிக்கும் கேட் திறந்துதான் இருந்துச்சு" என்றான். "நான்தான் அங்க வண்டியை நிறுத்திட்டு ரொம்ப நேரம் மழையில நின்னுட்டேன்." மேஜையைப் பார்த்துப் பேசினான். "நேத்து நான் தேவாலயத்துக்குப் போகவே இல்ல மேடம். சார்ஜென்ட் போக வேண்டாம்னார். போனதா எழுதுன்னும் சொன்னார். க்ளெண்டா சொன்னதுதான் உண்மை."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆக்டன் அம்மையார் மேஜையைத் தட்டினார். அதிகாரம் தொடரும் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். வெள்ளை வேனைத் தேட உத்தரவு போட்டார். நெவ், "பிளாஸ்டிக் சீக்கிரம் மக்காது மேடம்" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்துவிட்டான்.

க்ளெண்டாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

லாதமை நிலையத்துக்கு அழைத்துப் போக ஃபின்லே அவர் பக்கத்தில் போய் நின்றான். போகிற போக்கில் க்ளெண்டாவிடம், "வீட்டுக்கு அனுப்பப் போற அந்த ரெண்டு பேர்ல நானும் ஒருத்தனாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்று தலையசைத்தாள். அவனிடம் வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவருகே லாதம் நின்று திரும்பினார். "ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டு வரலாமா?"

யாரும் அசையவில்லை. க்ளெண்டாதான் மூலைக்குப் போனாள். கோப்பையில் டீ பிடித்தாள். ஒரு சொட்டுப் பால். இரண்டு சர்க்கரை. நன்றாகக் கலக்கி, சிந்தாமல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியும், டெஸ்" என்றாள்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். அதைக் குடிக்க அவரால் முடியவில்லை.